எல்லம்மாள் கண்டெடுத்த கண்டு

எல்லம்மாளின் விரல்களைப் பற்றி ஊரில் சொல்லாத கதை இல்லை. பூட்டிய டிரங்குப் பெட்டியின் மேல் கையை வைத்தால் உள்ளே இருக்கிற சேலையின் நிறத்தைச் சொல்லிவிடுவாள் என்பார்கள். அது கொஞ்சம் அதிகம். நிறமெல்லாம் தெரியாது, பார்டர் எத்தனை அகலம் என்று மட்டும் சொல்வாள். ஒருத்தி மடியில் முடிந்து வைத்திருந்த வெற்றிலையைச் சேலைக்கு மேலேயே தொட்டுப் பார்த்து, "சுண்ணாம்பு ஜாஸ்தி, வாய் வெந்துடும்" என்று அவள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அவள் பூக்காரி. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமரத்தடியில் கூடையை வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டே விற்பாள். புருஷன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். ஒரு மாசி மாதம் திருமுக்கூடலுக்குக் குளிக்கப் போனான். அங்கே மூன்று ஆறுகள் கூடுகின்றன. குளித்துவிட்டு ஏறினவனுக்கு எந்த ஆற்றங்கரையோடு நடந்தால் வீடு வரும் என்று தெரியவில்லையாம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்பது எல்லம்மாள் சொல்லும் கணக்கு. வந்தவாசியில் அவனுக்கு வேறு குடும்பம் இருந்தது என்பது மற்றவர்கள் சொல்வது.

அந்தக் காலத்தில் போலீசில் பெண்கள் கிடையாது. ஆனால் ஒரு பெண்ணின் உடம்பைச் சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மானத்துக்குக் குறைவு வராமல், என்று சட்டம் வெள்ளைக்காரன் நாளிலேயே எழுதி வைத்திருந்தது. சட்டம் எழுதினவன் பெண்ணுக்கு எங்கே போவது என்று எழுதவில்லை. ஸ்டேஷன்காரர்கள் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார்கள். எதிரே எல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து திருட்டு, கள்ளச்சாராயம், பிக்பாக்கெட் என்று எந்தப் பெண் பிடிபட்டாலும் எல்லம்மாளுக்குத்தான் ஆள் வரும். அவள் கூலி கேட்டதில்லை. வேப்பமரத்தடியிலிருந்து அவளை யாரும் கிளப்பமாட்டார்கள், அவ்வளவுதான் லாபம். நஷ்டம்தான் பெரியது. அவளிடம் பூ வாங்குகிற பெண்கள் ஒரு கையால் காசைக் கொடுத்து, இன்னொரு கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார்கள். பேசிக்கொண்டிருக்கிறவர்கள் அவள் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஸ்டேஷன் எல்லம்மா என்றே பேர் ஆகிவிட்டது.

ஆனால் அவள் ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொல்லச் சொன்னால் மரத்தடியில் நின்று ஊரையே கூட்டிவிடுவாள். அது ஸ்டேஷனில் இருந்த ஏட்டு ராமலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இப்போது சொல்லப்போகிற காரியம் நடந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம். பிள்ளையார்பாளையத்தில் முருகேசன், தேவகி என்று ஒரு நெசவுக்காரக் குடும்பம். அவன் தறியில் உட்காருவான், அவள் பட்டு நூல் இழைப்பாள். வருஷக்கணக்காக ஜவுளி முதலாளி வரதராஜனுக்கு நெய்துவந்தவர்கள், அவரை விட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பல தறிகள் நகரப் பார்த்தன. அந்தச் சமயத்தில் முதலாளி கடையில் ஜரிகை களவு போனதாகப் புகார் வந்தது. யார் மேல் சந்தேகம் என்று ஏட்டு கேட்டார். சந்தேகம் யார் மேல் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

காலையில் ஏட்டு, இரண்டு கான்ஸ்டபிள், சாட்சிக்கு இரண்டு பேர், பின்னால் கையில் பூநாரோடு எல்லம்மாள். இப்படி ஒரு ஊர்வலம் முருகேசன் வீட்டுக்குப் போனது. தெருமுனையிலேயே ஒரு கான்ஸ்டபிள் நின்று அக்கம்பக்கத்தாரை உள்ளே விடாமல் தடுத்தான்.

"வாரண்ட் இருக்குதா?" என்று முருகேசன் கேட்டான்.

"அவசரம்னா வாரண்ட் தேவையில்லைப்பா. சட்டத்துலயே இருக்குது."

"இன்னா அவசரம்?"

"அத கேக்கத்தான் நேரமில்ல."

தறிக்குழியில் இறங்கித் தேடினார்கள். அரிசிப் பானைக்குள் கை விட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னாலும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அப்புறம் ஏட்டு எல்லம்மாளை வாசல் ஓரமாக அழைத்து, ஜேபியிலிருந்து ஒரு ஜரிகைக் கண்டை எடுத்தார். ஊசிநூல் உருண்டையை மற்ற ஊர்களில் நூல்கண்டு என்பார்களே, அதே மாதிரி ஜரிகை இழை சுற்றினது. இந்த ஊரில் வெறுமனே கண்டு என்றாலே போதும்.

"இந்தா. களவு போனது இந்த மாதிரி. அவகிட்ட எதனா கெடைச்சா இதோட சேருதான்னு பாக்கணும். பத்திரமா வச்சிக்கோ" என்றார்.

எல்லம்மாள் அதை வாங்கி இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

தேவகி சுவரோடு ஒட்டி நின்றாள். "மொதல்ல உன் கையைக் காட்டு. இன்னா கொண்டாந்திருக்கியோ யாரு கண்டா?"

எல்லம்மாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பூநார் கறை தவிர ஒன்றும் இல்லை. "போதுமா? நீ திரும்பி நில்லும்மா. நான் கண்ணை மூடிக்கினுதான் பாப்பேன். என் கைக்குக் கண்ணு வேணாம்."

உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெளியே வந்து, "ஒண்ணும் கெடையாது" என்று அவள் சொல்ல வாயெடுக்கிறபோதே ஏட்டு சத்தமாகக் கேட்டார்: "கண்டு எங்க? எடு, எடு."

எல்லம்மாள் இடுப்பு மடிப்பிலிருந்து கண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சாட்சிகள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏட்டு உட்கார்ந்து, சோதனையில் நடந்ததை மகஜராக எழுதினார். எழுதிவிட்டு அவளுக்குப் படித்துக் காட்டினார். "தேவகி என்பவரை உள்ளே வைத்துச் சோதித்தேன். இடுப்பு மடிப்பிலிருந்து கண்டெடுத்துக் கொடுத்தேன். சரிதானே?"

"சரிதான். அவகிட்ட ஒண்ணுமில்லன்னும் எழுதிக்கோங்க ஏட்டய்யா."

"எல்லாம் எழுதியாச்சு. கைநாட்டு வை. போயி யாவாரத்தைப் பாரு."

கட்டைவிரலை வைத்தாள். மரத்தடிக்கு வந்து மிச்சப் பூவைக் கட்டினாள்.

அன்று சாயங்காலம் ஒரு முழம் பூகூட விற்கவில்லை. மல்லிகை வாடிவிட்டதோ என்று மோந்து பார்த்தாள். மறுநாளும் அதே கதை. கடைசியில், தினமும் வாங்குகிற ஒருத்தி தெருவின் அந்தப் பக்கமாகவே ஒதுங்கிப் போக, அவளை எல்லம்மாள் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா, பூ வேணாமா?"

"தேவகிய ரிமாண்டுக்கு அனுப்பிட்டு பூ வேற விக்கிறியா நீ?"

"ரிமாண்டா? எதுக்கு?"

"ஐயே, நடிக்கிறதைப் பாரு."

எல்லம்மாள் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தாள். முருகேசன் தறியில் உட்கார்ந்திருந்தான். நெய்யவில்லை. அவளைப் பார்த்ததும், "வா யக்கா. சோதிக்க மிச்சம் எதனா இருக்குதா?" என்றான்.

"ஒண்ணுமில்லன்னுதானே நான் சொன்னேன்?"

"இடுப்பு மடிப்பிலேர்ந்து கண்டெடுத்தேன்னு கைநாட்டு வச்சிருக்கியே!"

"ஆமா. எடுத்தேன். அதுக்கின்னா?"

முருகேசன் தறிக்குழியிலிருந்து ஒரே எழும்பாக எழும்பினான். கூரையில் தலை இடித்தது என்று சொன்னால் மிகை, இடித்திருக்க வேண்டும். "வீட்டுக்கே வந்து சொல்றியா? இன்னா திமிரு உனுக்கு!"

"கத்தாத. எடுன்னாரு, எடுத்தேன். குடுத்தவருக்கே திருப்பிக் குடுத்தேன். என் இடுப்புல இருக்கிற கண்டை நான் எடுக்காம உங்கப்பனா எடுப்பான்?"

முருகேசன் கத்தலை நிறுத்தினான். நெசவுக்காரன் அல்லவா, அவனுக்குத்தான் அது விளங்கும்.

"எந்தக் கண்டு?"

"ஏட்டய்யா மாதிரிக்குக் குடுத்த ஜரிகைக் கண்டு."

அவன் வாய்க்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். கண்டெடுத்தேன். கண்டு எடுத்தேன். வேறு ஊர்க்காரன் கேட்டால் தேடிக் கண்டுபிடித்தேன் என்றுதான் புரிந்துகொள்வான். இந்த ஊரில் எல்லம்மாளுக்கு நூல்தான் காதில் விழுந்தது. இடுப்பு யாருடையது என்பதையும் ஏட்டு எழுதவில்லை, தமிழில் அதை எழுதாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. மகஜரில் ஒரு சொல் பொய் இல்லை. அந்தப் பொய்யில்லாத மகஜரை வைத்துத்தான் தேவகி ஜெயிலுக்குப் போயிருந்தாள்.

எல்லம்மாளுக்கு விளங்கியதும் நேராக ஸ்டேஷன் வாசலில் போய்க் கத்தப் புறப்பட்டாள். முருகேசன் மறித்தான்.

"கத்தினா உன்னையும் தூக்கி உள்ள வச்சிடுவான். வக்கீல் கிட்ட போலாம் வா." சொல்லிவிட்டு அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். "நெசமாத்தான் வந்தியா, இல்ல நமக்கு இன்னா தெரியும்னு பாத்துக்கினு வான்னு ஏட்டு அனுப்பினானா?"

"உனுக்கு சந்தேகம்னா நீ முன்னால நட. நான் பின்னால வரேன்."

"பின்னால வந்தா நீ எங்க போறன்னு எனுக்கு எப்டி தெரியும்?"

கடைசியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனார்கள், ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்தபடி.

வக்கீல் கலீமுல்லா மெலிந்த மனிதர். தம் மூக்குக் கண்ணாடியையே நம்பாமல் அதற்கு மேலாகப் பார்ப்பார். எல்லம்மாள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரு அனுப்பினது உன்னை?" என்றார்.

"எல்லாரும் இதையே கேளுங்க" என்றாள் எல்லம்மாள்.

அவர் முருகேசனைப் பார்த்துப் பேசினார். "நம்ம அரசியல் சட்டத்துல, வீட்டைத் தேடுறதுக்குன்னு தனியா ஒரு வரி கெடையாதுப்பா. அமெரிக்காக்காரனுக்கு இருக்குதாம். ஆனா சட்டம் சொன்ன வழியில இல்லாம ஒருத்தர் உசுரையோ சுதந்திரத்தையோ தொடக்கூடாதுன்னு நமக்கும் எழுதியிருக்குது. அந்த வழி இன்னா? வாரண்ட் இல்லாம தேடினா காரணத்தை முன்னாடியே எழுதி வைக்கணும். அதே பக்கத்துல குடியிருக்கிற கௌரவமான ரெண்டு பேர் சாட்சி நிக்கணும். எடுத்த சாமானுக்குப் பட்டியல் நகல் வீட்டுக்காரருக்குக் குடுக்கணும். குடுத்தாங்களா?"

"ஒண்ணும் குடுக்கல சார்."

"சாட்சி யாரு?"

"ஒருத்தன் முதலாளி கணக்குப்பிள்ளை. இன்னொருத்தன் வெளியூரு, ஓரிக்கைக்காரன். எங்க தெருவுல யாரையும் கூப்பிடல."

"அச்சா." கண்ணாடிக்கு மேலாக எல்லம்மாளிடம் திரும்பினார். "ஆனா இதெல்லாம் மீறினாலும், கெடைச்ச சாமானைக் கோர்ட்டு தூக்கி எறியாது. சந்தேகமாப் பாக்கும், அவ்வளவுதான். கைநாட்டு உன்னோடது. எழுதினதை இப்ப கூண்டுல மாத்திச் சொன்னா, வெலைக்கு வாங்கிட்டாங்கன்னு சொல்லிடுவாங்க."

"நான் இன்னாத்துக்கு மாத்தணும்? எழுதினது நெசந்தானே?"

கலீமுல்லா சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "வெளியில யார்கிட்டயும் இதைப் பேசாத" என்று மட்டும் சொன்னார்.

பேசாமல் இருப்பது எல்லம்மாளுக்கு எத்தனை கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். வயிறு உப்பிவிட்டது, சுக்குக் கஷாயம் குடித்தாள்.

தேவகிக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு நாள் நெருங்கியபோது ஏட்டு ராமலிங்கம் மரத்தடிக்கு வந்தார். அதுவரை ஒரு நாளும் பூ வாங்காதவர், கைநிறைய மல்லிகையும் கனகாம்பரமும் வாங்கினார்.

"எல்லம்மா, கோர்ட்டுல மகஜர்ல இருக்கிறதைச் சொன்னாப் போதும். கண்டெடுத்தேன். மேல ஒரு பேச்சு வேணாம். இந்த மரத்தடி நல்ல எடம் இல்ல?"

"நல்ல எடந்தான் ஏட்டய்யா. மகஜர்ல இருக்கிறதுக்கு மேல நான் ஏன் பேசப்போறேன்?" என்று எல்லம்மாள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை, தெருவோடு போன தேவகி பார்த்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்: "அவ வித்துட்டா. வக்கீல் கிட்ட நீங்க சொன்னதெல்லாம் இந்நேரம் ஏட்டு காதுக்குப் போயிருக்கும். அன்னிக்கு கையை மட்டும் காட்டினாளே, இடுப்பைக் காட்டினாளா?" முருகேசன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வக்கீலிடம் போய்ச் சொன்னான். வக்கீலுக்கு முதலிலிருந்தே அந்தச் சந்தேகம்தான். இப்படியாக, எல்லம்மாள் தம் ஆள் என்று ஏட்டு நம்பினார்; ஏட்டின் ஆள் என்று மற்றவர்கள் நம்பினார்கள். அவள் யாருடைய ஆள் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை.

வழக்கன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. மரத்தில் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களின் பாரம் தாங்காமல் கிளை முறிந்தது என்கிறார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் கிளையைப் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் ஏட்டைக் கூண்டில் ஏற்றினார்கள். கலீமுல்லா எழுந்தார்.

"வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டீர்கள். காரணத்தை எழுதி வைத்தீர்களா?"

"காரணம் மனசில் இருந்தது."

மாஜிஸ்ட்ரேட் தலையைத் தூக்கினார். "அதை எக்ஸிபிட்டாகத் தாக்கல் செய்ய முடியுமா?"

கோர்ட்டில் சிரிப்பு. தேவகி சிரிக்கவில்லை. அவள் பார்வை வாசலில் நின்ற எல்லம்மாள் மேலேயே இருந்தது.

எல்லம்மாள் ஏறினாள். சர்க்கார் தரப்பில் கேட்டவர் மகஜரைப் படித்தார். "இடுப்பு மடிப்பிலிருந்து கண்டெடுத்துக் கொடுத்தேன் என்று இருக்கிறது. இது உன் கைநாட்டா?"

"ஆமாங்க."

"கண்டெடுத்தாயா?"

"எடுத்தேங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டார். தேவகி கூண்டுக்கு வெளியே ஒட்டி நின்ற முருகேசனின் தோளைப் பிடித்தாள். "சொன்னேன் இல்ல?" என்று அவள் சொன்னது எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

கலீமுல்லா மெதுவாக எழுந்தார். கேட்டால் என்ன வருமோ என்று அவருக்கே நிச்சயமில்லை.

"எதை எடுத்தாய்?"

"கண்டை."

"யார் இடுப்பிலிருந்து?"

எல்லம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என் இடுப்புலேர்ந்துதாங்க. அடுத்தவ இடுப்புல என் கண்டு எப்டி இருக்கும்?"

ஏட்டு எழுந்து நின்றார். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவரே கேட்டார்: "உன் இடுப்புக்கு அது எப்படி வந்தது?"

"ஏட்டய்யா குடுத்தாரு சாமி. மாதிரிக்கு வச்சிக்கோன்னாரு. வச்சிக்கினேன். எடுன்னாரு, எடுத்தேன். தேவகிகிட்ட ஒண்ணும் இல்ல. அதையும் எழுதுங்கன்னு சொன்னேன், எழுதியாச்சுன்னாரு. இருக்குதா பாருங்க சாமி. எனக்குப் படிக்கத் தெரியாது."

மாஜிஸ்ட்ரேட் மகஜரைக் கையில் வாங்கினார். மறுபடியும் மறுபடியும் படித்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பெஞ்சு கிளார்க்கைக் கூப்பிட்டு, "கண்டு என்றால் இங்கே என்ன?" என்று கேட்டார். அந்தக் கிளார்க்கின் அண்ணன் தறிக்காரன். சொன்னான்.

அதற்குப் பிறகு கணக்குப்பிள்ளையும் ஓரிக்கைக்காரனும் கூண்டில் ஏறினார்கள். கதவுக்குள் என்ன நடந்தது என்று பார்த்தீர்களா என்று கேட்டால் இல்லை என்றார்கள். யார் இடுப்பிலிருந்து எடுத்தாள் என்று கேட்டால், "அந்தம்மா இடுப்புலேர்ந்து" என்று எல்லம்மாளைக் காட்டினார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை.

தீர்ப்பு சுருக்கம். சோதனை முறைதவறி நடந்தது என்பதற்காகவே எடுத்த பொருள் பொய்யாகிவிடாது. ஆனால் காரணம் எழுதாமல், அக்கம்பக்கத்தாரைத் தள்ளி நிறுத்தி, வெளியூர்ச் சாட்சி வைத்து நடந்த சோதனையைச் சந்தேகத்தோடுதான் பார்க்க முடியும். சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவளுக்கு. தேவகி விடுதலை. ஏட்டின் மேல் விசாரணை வரும் என்றும் சொன்னார். அந்த விசாரணை எந்த ஆற்றங்கரையோடு நடந்து போனதோ, ஊருக்கு வந்து சேரவில்லை.

தேவகி கோர்ட்டுப் படியில் எல்லம்மாளைத் தாண்டித்தான் இறங்கினாள். சிரித்தது எதற்கு, இடுப்பைக் காட்டாதது எதற்கு என்று அவளுக்கு இன்னும் கணக்கு முடியவில்லை.

மறுநாள் வேப்பமரத்தில் ஒரு பலகை தொங்கியது. இங்கே கடை வைக்கக் கூடாது என்று. அது சரியாகக் கூடை இருந்த இடத்துக்கு மேலேயே தொங்கியது. எல்லம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பலகையோடு ஒரு கான்ஸ்டபிளும் நின்றான். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினாள். கோயில் வாசலில் பழைய பூக்காரிகள் விடவில்லை. கடைசியில் பிள்ளையார்பாளையத்தில், முருகேசன் வீட்டுத் தெருமுனையில் இறக்கி வைத்தாள்.

பொழுது சாய்கிறவரைக்கும் யாரும் வரவில்லை. பெண்கள் கதவிடுக்கில் நின்று பார்த்தார்கள். போலீஸ் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறதோ, முதலாளி அனுப்பினாரோ என்று பேசிக்கொண்டார்கள். அப்புறம் தேவகி வந்தாள்.

"ரெண்டு முழம் குடு."

எல்லம்மாள் அளந்து, வாழையிலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தேவகி அங்கேயே நாரை அவிழ்த்தாள். இலையை விரித்தாள். சரத்தை ஒரு தரம் உதறினாள். இலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மல்லிகை இரண்டு தரையில் உதிர்ந்தது.

"ஏம்மா, பூவெல்லாம் கொட்டுது இல்ல?"

"கொட்டட்டும்."

"இன்னா இருக்குது உள்ள?"

"பூதான் இருக்குது." தேவகி சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். கதவிடுக்கில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பூதாண்டி, வந்து வாங்குங்க" என்றாள். பிறகு எல்லம்மாளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நாளைக்கும் பிரிச்சித்தான் பாப்பேன்."

"பாரு" என்றாள் எல்லம்மாள். "ஆனா உதறாத."